தூர் வாரும் காலமும் ஆமையின் உறக்கமும்

நம் மாநிலத்தில் சிறிதும் பெரிதுமாகச் சுமார் 39,000 ஏரிகள் உள்ளன. ஊருணி, குட்டை, கோயில் தெப்பம் முதலியவை இக்கணக்கில் சேரா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை இவற்றை நிரப்புகிறது. பாசனம் முடிந்து, சித்திரை வைகாசி பிறக்கும்போது பெரும்பாலானவை அடி தெரிய வற்றிவிடுகின்றன. தூர் வாருவதற்கும், மதகுகளைச் செப்பனிடுவதற்கும், வயலுக்கு வண்டல் அள்ளுவதற்கும் இதைவிட ஏற்ற காலம் வேறில்லை என்பதை உழவர் யாவரும் அறிவர். 2017-ஆம் ஆண்டில் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் உயிர் பெற்றபின் இவ்வேலை பல ஊர்களில் சுறுசுறுப்பாக நடந்தேறியது.

ஆனால், இதே மாதங்களில் அந்த வறண்ட தரையின் அடியில் ஆமை உறங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் இருந்தவரையில் நீந்தித் திரிந்த ஆமை, நீர் குறையக் குறையச் சேற்றுக்குள் தன்னைப் புதைத்துக்கொள்கிறது. சேறு காய்ந்து வெடித்தபின் அதன் மேல் ஆடு மேய்கிறது. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். கீழே ஆமை இருப்பது எவருக்கும் தெரிவதில்லை. பொக்லைன் இயந்திரத்தின் வாளி இறங்கும்போதுதான் தெரிகிறது. அப்போது ஓடு உடைந்து கிடக்கும். அல்லது மண்ணோடு மண்ணாக டிராக்டரில் ஏறி, ஏரிக்கு வெகு தொலைவிலுள்ள வயலில் கொட்டப்பட்டுவிடும். தூர் வாருவதும் நல்ல வேலைதான். ஆமையும் ஏரிக்கு வேண்டிய உயிர்தான். இரண்டையும் எவ்வாறு ஒருங்கே நடத்துவது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

நம் ஏரி குளங்களில் மிகுதியாகக் காணப்படுவது பாலாமையாகும். இதன் ஓட்டில் மற்ற ஆமைகளுக்குள்ளது போன்ற கட்டங்கள் இல்லை. தோல் போர்த்தது போல வழவழப்பாக இருக்கும். நிறம் பச்சை கலந்த பழுப்பு. அடிப்பக்கம் வெளிர் நிறம். மூக்கு சிறு குழல் போல நீண்டிருக்கும். விரல்களுக்கிடையே சவ்வு உண்டு. அடி ஓட்டின் பின்புறத்தில் இரு மடல்கள் உள்ளன. காலை உள்ளே இழுத்தவுடன் இம்மடல்கள் கதவைப் போல் மூடிக்கொள்ளும். முன்புறமும் அவ்வாறே தலையை மறைத்து மூடும். பகைவரிடமிருந்து காப்பதற்கு மட்டுமன்றி, வறண்ட காலத்தில் உடலின் ஈரம் விரைவில் போகாமல் தடுப்பதற்கும் இந்த மூடி உதவுகிறது. பாலாமையுடன் கடினமான கரிய ஓடுடைய காராமையும் பல குளங்களில் வாழ்கிறது.

இவை நெல்லையோ வாழையையோ தின்று உழவருக்கு நட்டம் உண்டாக்குவன அல்ல. நத்தை, புழு, பூச்சி, தவளை, நீர்ச்செடி, செத்த மீன் ஆகியவையே பாலாமையின் உணவு. உயிருள்ள மீனையும் கிடைத்தால் விடாது என்பது உண்மைதான். மீன் குத்தகை எடுத்தவர்கள் இதைச் சொல்லிக் குறைப்படுவதும் உண்டு. ஆனால் அழுகி நாறும் பிணங்களைத் தின்று நீரைக் கெடாமல் வைப்பதனால் வரும் நன்மையையும் அவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வது நியாயமாகும்.

உறக்கம் என்பது யாது?

ஆடு, மாடு, மனிதர் ஆகியோர் உண்ட உணவை எரித்துத் தம் உடம்பின் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறோம். ஆமைக்கு அவ்வசதி இல்லை. சுற்றுப்புறத்தின் சூடு எதுவோ அதுவே பெரும்பாலும் அதன் உடம்பின் சூடும் ஆகும். எனவே மிகுந்த குளிரோ, நீரற்ற கொடும் வெயிலோ வரும்போது அதனால் எதிர்த்து நிற்க இயலாது, ஒதுங்கிக்கொள்ளத்தான் முடியும். குளிர் நாட்டு ஆமைகள் பனிக்காலம் முழுவதும் உறங்குகின்றன. வட இந்தியாவின் குளிரில் பாலாமையும் அவ்வாறு ஒடுங்குவதுண்டு. நம் பக்கத்தில் அத்தகைய குளிர் இல்லை. இங்கே அதற்குச் சோதனைக்காலம் கோடைதான்.

இதை உறக்கம் என்று சொல்லுகிறோமேயன்றி, நாம் இரவில் உறங்குவதற்கும் இதற்கும் வெகு தூரம். இதயத் துடிப்பு மிகவும் தணிந்துவிடுகிறது. மூச்சு அரிதாகிறது. உணவு இல்லை, கழிவும் ஏறக்குறைய இல்லை. மழைக்காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பையும், உடம்பில் தேக்கிய நீரையும் சிறுகச் சிறுகச் செலவிட்டுக்கொண்டு அடுத்த மழை வரையில் காலம் தள்ளுகிறது. களஞ்சியத்தில் உள்ள நெல்லை அளந்து அளந்து சமைத்து, அடுத்த அறுவடை வரை குடும்பம் நடத்தும் இல்லத்தரசியைப் போன்றது அதன் நிலை. நடுவில் பத்து விருந்தினர் வந்துவிட்டால் களஞ்சியம் என்னாகும்? உறங்கும் ஆமையைத் தட்டி எழுப்புவது அத்தகையதே. விழித்த உடம்பு வேகமாக எரியத் தொடங்குகிறது. ஆனால் தின்ன உணவும் இல்லை, குடிக்க நீரும் இல்லை. அச்சமுற்ற ஆமை உடம்பில் தேக்கிய நீரையும் வெளியேற்றிவிடக்கூடும். அடிபடாமலே தப்பிய ஆமைகளும் சில நாட்களில் மடிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வீட்டில் ஆமை வளர்க்கும் வழக்கமுள்ள மேலை நாடுகளில் இவ்வுண்மையை நெடுங்காலமாகவே கண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் செல்போர்ன் என்னும் சிற்றூரில் கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் இருந்தார். தம் ஊரின் செடி கொடிகளையும் பறவை விலங்குகளையும் பற்றி அவர் எழுதிய நூல் 1789-இல் வெளிவந்தது, இன்றும் படிக்கப்படுகிறது. அவருடைய அத்தை ஓர் ஆமை வளர்த்துவந்தார். அது நவம்பர் நடுவில் மண்ணுக்குள் இறங்கி, ஏப்ரல் நடுவில் வெளிவரும். அத்தை காலமானபின் 1780-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உறங்கிக்கொண்டிருந்த ஆமையை ஒயிட் தோண்டி எடுத்தார். அது சீறித் தன் கோபத்தைக் காட்டியதாம். அவர் ஒரு பெட்டியில் மண்ணை நிரப்பி, அதனுள் ஆமையை வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்தார். வண்டியின் குலுக்கலில் ஆமை நன்றாக விழித்துக்கொண்டது. தோட்டத்தில் விட்டதும் இரண்டு முறை அதன் கோடி வரை நடந்தது. ஆனால் மாலையில் குளிர் வந்ததும் இளகிய மண்ணைக் கண்டு மீண்டும் புதைந்துகொண்டது. அதன்பின் பல ஆண்டுகள் அது அவரிடம் வாழ்ந்தது.

இச்செய்தியில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆமையை அவர் வெறுங்கையோடு தூக்கிச் செல்லாமல் மண்ணோடு கொண்டுசென்றார். மற்றொன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் அது மறுபடி புதைந்துகொள்ளப் பதமான மண் இருந்தது. இந்நாளில் அங்கு ஆமை வளர்ப்போர், குளிர் உறக்கத்திற்கு முன் அதன் குடல் காலியாகும்படி சில வாரம் உணவை நிறுத்துகின்றனர், எடை பார்க்கின்றனர், பெட்டியின் சூடு ஏறத்தாழ 5 டிகிரியில் நிலைத்திருக்கும்படி காவல் செய்கின்றனர். 10 டிகிரிக்கு மேற்சென்றால் ஆமை அரை விழிப்பாகிச் சேமிப்பைக் கரைத்துவிடும். உறைநிலைக்குக் கீழே போனால் கண்ணும் உயிரும் போகும். அரைத்தூக்கமே ஆமைக்குப் பகை என்பது அவர்கள் கண்ட முடிவு. நம் ஏரி ஆமைக்குப் பெட்டியும் வேண்டா, எடை பார்ப்பதும் வேண்டா, உறங்கவிடுவதே போதும். விட முடியாதபோது உறக்கம் கலையாமல் இடம் மாற்றுவதே நாம் செய்யத்தக்கது.

வேலை தொடங்குமுன்

தூர் வாரும் நாள் குறித்தவுடன், அதற்கு முந்தின நாள் காலையில் நாலைந்து பேர் ஏரிக்குள் இறங்கிப் பார்த்தல் நலம். ஊரில் மீன் பிடிக்கும் பெரியவர்களை உடன் அழைத்துக்கொள்ள வேண்டும். சேற்றில் எது எங்கே இருக்கும் என்பதை அவர்கள் பாதம் அறியும். ஏரி முழுவதும் தேட வேண்டுவதில்லை. கடைசியாகத் தண்ணீர் நின்ற பள்ளம், மதகின் அடி, கரையோரத்து நிழல், கோரையும் காட்டாமணக்கும் மண்டிய இடம், சீமைக் கருவேலத்தின் வேரடி ஆகியவற்றைக் கவனித்தாலே பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கையினாலோ மழுங்கிய கம்பினாலோ தடவிப் பார்க்கலாம். கடப்பாரையால் குத்திப் பார்ப்பது தேடுவதாகாது, கொல்வதாகும்.

இயந்திரத்தின் வாடகை மணிக் கணக்கில் ஓடும்போது ஓர் ஆமைக்காக வேலையை நிறுத்துவது எப்படி என்று சிலர் கேட்பர். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முந்தின நாளே தேடிவிடச் சொல்லுகிறோம். இயந்திரம் ஓட்டுபவரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தல் வேண்டும். மண்ணை ஒரேயடியாக ஆழமாக வாராமல் மேல் மண்ணை முதலில் மெல்லியதாகச் சீவி எடுப்பாராயின், புதைந்திருப்பது கண்ணுக்குத் தென்பட வாய்ப்பு உண்டு. எடுத்த மண்ணை உடனே மேலே மேலே குவித்தல் கூடாது. ஆமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் உயிர்; வெடித்த தரையின் இடுக்குகளின் வழியே அதற்குக் காற்றுக் கிடைக்கிறது. பத்தடிக் குவியலின் அடியில் அது கிடைக்காது.

எல்லாவற்றினும் எளிய வழி ஒன்று உண்டு. ஏரியை ஒரே ஆண்டில் மூலை முடுக்கெல்லாம் வாரிவிடாமல், ஆழமான பள்ளத்தை ஒட்டிய ஒரு பகுதியைத் தொடாமல் விட்டு, அதை மறு ஆண்டில் வாருவது. அவ்வாறு செய்யின் ஆமைக்கு மட்டுமன்றி, விரால், கெளுத்தி, தவளை, நத்தை யாவற்றுக்கும் விதை போல ஓர் இருப்பு நிற்கும். ஏரி நிரம்பியவுடன் அவை தாமே பரவிக்கொள்ளும்.

ஏரி வற்றும் தறுவாயில் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் மீன்பிடித் திருவிழா நடைபெறுவது வழக்கம். ஊர் கூடி ஊத்தாவும் வலையுமாக இறங்கும் அந்நாளில் ஆமைகளும் அகப்படும். அகப்பட்டதைக் கரையில் எறிந்துவிட்டுப் போகாமல், கடைசிப் பள்ளத்தின் ஓரத்திலேயே விட்டுவிடும்படி முன்னதாகத் தண்டோராவிலோ ஒலிபெருக்கியிலோ அறிவித்துவிடலாம்.

தோண்டும்போது வெளிப்பட்டால்

முதலில் இறந்ததா உறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அசையவில்லை என்பதனால் இறந்துவிட்டதாக முடிவு கட்டலாகாது. நிழலில் வைத்துச் சற்று நேரம் கழித்துப் பின்காலை மெல்லத் தொட்டால், உயிருள்ளது மெதுவாகவேனும் உள்ளுக்கு இழுக்கும். துர்நாற்றம் வீசினால் மட்டுமே ஐயமில்லை.

தூக்கும்போது ஓட்டின் இரு பக்கத்தையும், பின்பகுதிக்கு அருகே, இரு கையாலும் பிடிக்க வேண்டும். பாலாமையின் கழுத்து நாம் எண்ணுவதைவிட நீளமானது. முன்பக்கம் பிடித்தால் கடித்துவிடும். மல்லாத்துதல் கூடாது. மேலே ஒட்டிய சேற்றைக் கழுவவும் வேண்டா. அது ஆமையின் போர்வை. அதே சேற்றில் இரண்டு கூடை எடுத்து ஓர் அகன்ற தொட்டியிலோ பாண்டிலோ பரப்பி, ஆமையை அதில் அமர்த்தி, ஈரச்சாக்கால் மூடி, மரநிழலில் வைத்தால் மாலை வரையில் கவலையில்லை. சாக்கு காயாமல் நீர் தெளித்துவருதல் போதும். இரக்கங்கொண்டு பாலும் சோறும் ஊட்ட முயல்வோர் உண்டு. உறங்கும் குடலுக்கு உணவு நஞ்சுக்கு ஒப்பாகும். பிள்ளைகள் சுற்றி நின்று தொட்டுப் பார்ப்பதையும் தடுத்துவிட வேண்டும்.

உடனே வனத்துறையினருக்குத் தெரிவித்து, அவர்கள் சொல்லும்படி இடம் மாற்றுவது முறை. தொலைவில் கொண்டுபோவதைவிட, அதே ஏரியின் தொடாத பகுதியோ, அதே ஊரில் ஈரம் வற்றாத ஊருணியோ மேலானது. வெயில் தாழ்ந்தபின், நீரின் விளிம்பில், சேறு பதமாக உள்ள நிழலான இடத்தில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். நீருக்குள் இறங்குவதா, மண்ணுக்குள் இறங்குவதா என்பதை அது தீர்மானித்துக்கொள்ளும். ஆழமான நீரில் வீசி எறிதல் தகாது. உடம்பு மரத்துப்போன ஆமை மேலே வந்து மூச்சு வாங்க இயலாமல் போகலாம்.

ஓடு உடைந்து இரத்தம் கசிந்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பாமல், ஈ மொய்க்காதபடி தூய துணியால் மூடிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால் பிழைப்பது அரிது.

இன்னொன்றையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். கரம்பையும் புதருமான மேட்டு நிலங்களில் நட்சத்திர ஆமை வாழ்கிறது. உயர்ந்து வளைந்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும். கால்கள் யானைக் கால் போல் தூணாக இருக்கும். இதுவும் கடும் வெயிலில் புதரடியில் ஒடுங்கிக் கிடப்பதுண்டு. இது நிலத்து ஆமை, நீந்தத் தெரியாது. ஆமை என்றால் தண்ணீரில் விட வேண்டும் என்று நினைத்துக் கிணற்றிலோ குளத்திலோ இதை விடுவது மூழ்கடிப்பதேயாகும். இருந்த புதருக்கே திருப்பிவிட்டால் போதும்.

வீட்டிலும் கிணற்றிலும்

தோண்டும்போது கிடைத்த ஆமையை வீட்டுக்கு எடுத்துச் சென்று தொட்டியில் வளர்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். அவ்வாறு செய்யச் சட்டம் இடந்தரவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாலாமை முதல் அட்டவணையில் வைக்கப்பட்டிருக்கிறது. புலியும் யானையும் உள்ள அட்டவணை அது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி நட்சத்திர ஆமையும் அதில் சேர்ந்தது. இவ்வட்டவணையிலுள்ள விலங்கைப் பிடிப்பவர், கொல்பவர், விற்பவர் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் அடைய நேரிடும். கறிக்காக ஆமை வாங்க வரும் வெளியூர் ஆட்களைப் பற்றி ஊரார் விழிப்புடன் இருத்தல் அவசியம். அவர்கள் வருவதும் பெரும்பாலும் ஏரி வற்றும் இக்காலத்தில்தான்.

கிணற்றில் ஓர் ஆமையை விட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்பது பழைய வழக்கம். அழுகல் தின்னும் என்ற அளவில் அதில் ஓர் உண்மை உண்டு. ஆனால் உறை இறக்கிய கிணற்றுக்குள் விழுந்த ஆமைக்கு ஏறிவர வழியில்லை, முட்டையிடக் கரை மண்ணில்லை, புதைய இடமில்லை. ஆயுள் முழுதும் சிறைதான். இதுவும் சட்டத்திற்குப் புறம்பானதே. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுமுன் உள்ளே ஆமை இருக்கிறதா என்று பார்த்து, வனத்துறையின் உதவியோடு அதை எடுத்துவிடுதல் நல்லது. நகரத்துக் கடைகளில் விற்கும், கண்ணருகே சிவப்புக் கோடுள்ள சிறு ஆமை அமெரிக்காவைச் சேர்ந்தது. வளர்த்துச் சலித்தவர்கள் அதைக் கொண்டுவந்து ஊர்க் குளத்தில் விட இடங்கொடுக்காதீர்கள். அது நம் ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும்.

கரை கட்டும் முறையும் கவனத்திற்குரியது. ஊருணியின் நான்கு பக்கமும் செங்குத்தாகச் சிமெண்டுச் சுவர் எழுப்புவது அழகென்று கருதப்படுகிறது. அவ்வழகினால் ஆமை வெளியேறவும் முடியாது, முட்டையிடக் கரையேறவும் முடியாது. ஒரு பக்கமேனும் சரிவான மண்கரையாக விட்டால் ஆடு மாடு நீர் அருந்தவும் அதுவே துறையாகும். கரை மண்ணில் வெள்ளையான, உருண்டையான முட்டைகள் தென்பட்டால் உருட்டாமல் திருப்பாமல் மூடிவிடுங்கள்.

பஞ்சாயத்து அளவில் இவற்றைச் செய்ய வழி இருக்கிறது. 2022 முதல் நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூடுகிறது. அவற்றுள் மார்ச் 22-ஆம் தேதி உலகத் தண்ணீர் நாளும், மே 1-ஆம் தேதியும் தூர் வாருவதற்குச் சற்று முன்போ வேலை நடக்கும்போதோ வருவன. எந்தப் பகுதியை இவ்வாண்டு தொடாமல் விடுவது, முந்தின நாள் பார்வைக்கு யார் யார் செல்வது, வனத்துறைக்கு யார் சொல்வது என்பதை அக்கூட்டங்களிலேயே தீர்மானித்து, வேலை எடுத்தவருக்குத் தரும் ஆணையிலும் ஒரு வரி சேர்த்துவிடலாம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும். ஊரின் உயிரினங்களைக் குறிக்கும் பதிவேடும் வேண்டும். எத்தனை ஆமை வெளிப்பட்டது, எங்கே விடப்பட்டது என்று அதில் எழுதிவந்தால், அடுத்த முறை தூர் வாருவோருக்குத் தேடும் வேலை பாதியாகும்.

கோடை மழையோ பருவமழையோ நன்றாகப் பெய்த இரவில் ஆமைகள் எழுந்து நடமாடத் தொடங்கும். கரைமேல் வண்டி ஓட்டுவோர் அந்நாட்களில் விளக்கொளியில் பார்த்துச் செல்ல வேண்டும். சில ஆமைகள் வழி தவறி வீட்டு வாசலுக்கும் வந்துவிடும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பேச்சை நம்பி அதை அடித்துக் கொல்வோர் இன்னும் இருக்கின்றனர். அது தேடி வந்தது தண்ணீரை; நம் குடும்பத்தை அன்று. ஈரச்சாக்கில் எடுத்துப்போய் ஏரிக்கரையின் உட்சரிவில் விட்டால், மறுநொடியே நீருக்குள் சென்றுவிடும்.